செல்லின் வாசலைத் தேடிய மருத்துவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் வளரிளம் பெண்களுக்கு வாரத்துக்கு ஒரு நாள் நீல நிற மாத்திரை ஒன்று தரப்படுகிறது. முகம் சுளித்தபடி அதை விழுங்குவோர் உண்டு. ஆசிரியை அந்தப் பக்கம் திரும்பியதும் சன்னல் வழியே எறிந்துவிடுவோரும் உண்டு! அதில் இருப்பவை இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும். உங்கள் பாட்டிமாரில் சிலர் மூட்டுவாதத்திற்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் என்னும் இன்னொரு மாத்திரையை விழுங்குவார்கள். அதே மருந்து இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கும் கொடுக்கப்படுகிறது. முதல் மாத்திரை செல்லுக்குச் சோறு போடுகிறது. இரண்டாவது மாத்திரை, அந்தச் சோற்றைச் செல் உண்ண முடியாதபடி தடுக்கிறது. ஒன்றுக்கொன்று பகையான இவ்விரண்டின் வரலாற்றிலும் ஒரே மனிதரின் உழைப்பு இருக்கிறது. மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறியவர் அவர்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றியவர்; உடல் நலம் குன்றியதால் முன்னதாகவே ஓய்வு பெற்றுவிட்டார். தாயார் வெங்கம்மா. பிள்ளைகள் எழுவர். வீட்டில் வறுமை, பையனுக்கோ படிப்பில் நாட்டம் இல்லை. பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று எண்ணி வீட்டை விட்டு ஓடினான். பாதி வழியில் பிடித்து அழைத்து வந்து மீண்டும் பள்ளியில் உட்கார வைத்தவர் தாயார்தாம். அந்த அம்மையாரின் பிடிவாதம் இல்லையேல் இந்தக் கட்டுரைக்கு இடமில்லை.

சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் ஒருவாறு மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி. அங்கே கணிதத்தில் ஆர்வம் பிறந்தது. இராமகிருஷ்ண மடத்தின் மீது பற்றும் வளர்ந்தது. துறவு பூணவே விரும்பினார். தாயார் சம்மதிக்கவில்லை. துறவியாகாவிட்டாலும் பிணியாளருக்குத் தொண்டு செய்யலாம் என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919-இல் சேஷகிரி என்னும் பெண்ணை மணந்தார். மாமனார் படிப்புச் செலவுக்குக் கைகொடுத்தார்.

அது காந்தியடிகளின் ஒத்துழையாமைக் காலம். சுப்பாராவ் கதர்த் துணியில் தைத்த அறுவைச் சிகிச்சை அங்கியை அணிந்து வகுப்புக்குப் போனார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. விடைத்தாள்களை நன்றாக எழுதியிருந்தும் முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை; அதனினும் குறைந்ததான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. ஒரு முழம் கதருக்கு இத்தனை விலையா என்று இன்று நமக்குத் தோன்றும். அந்த விலையை அவர் பல ஆண்டுகள் கொடுத்துக்கொண்டே இருந்தார். அரசு மருத்துவப் பணி கிட்டவில்லை. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்றியல் விரிவுரையாளராக அமர்ந்தார்.

இதற்கிடையில் வீட்டில் பேரிடி விழுந்தது. அவருடைய அண்ணனும் தம்பியும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டனர். நோய், வெப்ப நாடுகளில் காணும் ஸ்ப்ரூ என்னும் கொடிய கழிச்சல். உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாது; நாக்கு புண்ணாகும்; இரத்தம் வெளிறும்; ஆள் எலும்பும் தோலுமாகத் தேய்ந்துபோவார். மருத்துவம் படித்தவர் வீட்டிலேயே இருவர் போயினர். படித்த மருத்துவத்தில் இந்த நோய்க்கு விடை இல்லை என்பதை அவர் உணர்ந்தார். விடை தேடி வெளிநாடு செல்வது என்று முடிவு செய்தார்.

அறநிலையம் ஒன்றின் உதவியும் மாமனாரின் உதவியும் சேர, 1922 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இறங்கினார். இளம் மனைவி ஊரில் இருந்தார். சில ஆண்டுகளில் திரும்புவதாகத் திட்டம். பின்னர் பிறந்த ஆண் குழந்தை, தந்தையின் முகத்தைக் காணாமலேயே, ஓராண்டு நிறையும் முன் இறந்துபோயிற்று. சுப்பாராவ் அதன்பின் தாயகம் திரும்பவே இல்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது எளிதல்ல. ஆராய்ச்சிக்காக அவர் கொடுத்ததை எழுதுகிறவர்கள், சேஷகிரி அம்மையார் கொடுத்ததைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்ப நாட்டு மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது, சம்பளம் கிடைக்கவில்லை. எல்.எம்.எஸ். பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே மருத்துவராகப் பணி செய்ய முடியாது. ஆகவே மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராகச் சேர்ந்து, நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவி வயிற்றைக் கழுவினார். பகலில் படிப்பு.

பட்டயம் பெற்றபின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரிடம் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நிற மாற்றத்தைக் கொண்டு அளக்கும் முறையை இருவரும் 1925-இல் வெளியிட்டனர். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று உயிர்வேதியியல் மாணவர் தலைமுறை தலைமுறையாகப் படித்து வருவது இதுவே. இந்த அளவுகோல் கையில் இருந்ததால் தசைக்குள் ஒளிந்திருந்தவற்றை அவர்களால் பிடிக்க முடிந்தது. 1927-இல் பாஸ்போகிரியேட்டின். 1929-இல் ஏ.டி.பி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் அடினோசின் டிரை பாஸ்பேட். ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பவரும் அதே ஆண்டில் தனியாக இதைக் கண்டார். நாம் கண் இமைப்பதும், நெஞ்சு துடிப்பதும் இந்த ஏ.டி.பி. தரும் ஆற்றலால்தான். மூன்று பாஸ்பேட்டுகள் கோர்த்த இந்தப் பொருளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பூட்டைத் திறக்க இது வேண்டியிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிடைக்கவில்லை. தமக்குரிய பங்கைக் கேட்டு முன்னால் நிற்கும் இயல்பு அவரிடம் இல்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருள்கள் ஃபிஸ்கேயின் தடையால் அச்சேறாமல் போய், பின்னர் பிறரால் மீண்டும் கண்டுபிடிக்கப்பட வேண்டியதாயிற்று என்று, அதே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி 1988-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

1940-இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்; விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அடுத்த எட்டே ஆண்டுகளில் அங்கிருந்து வெளிவந்தவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு வாழ்நாளுக்குப் போதுமானது. யானைக்கால் நோய்க்கு இன்றளவும் கொடுக்கப்படும் டை எதில் கார்பமசின் அவர் குழுவின் கொடை. காவிரிக் கரை ஊர்களில் உறவினர் உள்ளவர்களுக்கு அந்நோயின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைப் பெஞ்சமின் டக்கர் கண்டறிந்ததும் இவர் தலைமையில் இயங்கிய கூடத்தில்தான். ஆனால் அவர் மனம் பழைய கேள்வியை விடவில்லை. அண்ணனையும் தம்பியையும் கொண்டுபோன நோய்க்கு மருந்து எது?

அதன் முதல் நூல் நம் நாட்டிலேயே கிடைத்திருந்தது. பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளிடையே காணப்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், ஈஸ்ட்டுச் சாறு அதைக் குணப்படுத்துவதை 1931-இல் எடுத்துக்காட்டினார். அச்சாற்றிலும், கல்லீரலிலும், கீரையிலும் இருந்த அந்தச் சத்துக்கு 1941-இல் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். டன் கணக்கில் கீரையை அரைத்தாலும் ஊசி முனையளவே கிடைக்கும் பொருள் அது. சுப்பாராவின் குழு அதன் அமைப்பைக் கண்டறிந்து, ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகவே தயாரித்து 1945-இல் அறிவித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் தேறினர். கால் நூற்றாண்டு கழிந்து, அந்த இரு சகோதரர்களின் நோய்க்கு விடை கிடைத்துவிட்டது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் இருந்தார். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளை அன்று காப்பாற்ற வழியே இல்லை. நோய் தெரிந்த சில வாரங்களில் அல்லது மாதங்களில் முடிவு. இரத்தம் ஊற வைக்கும் ஃபோலிக் அமிலம் ஒருவேளை உதவுமோ என்று அதன் வகைகளைக் கொடுத்துப் பார்த்தார் ஃபார்பர். நேர்மாறாக நடந்தது. நோய் வேகமாகப் பரவுவது போலத் தெரிந்தது. மனம் தளர்ந்து கைவிடக்கூடிய இடம் அது. அவரோ அதைத் திருப்பிப் போட்டு யோசித்தார். ஃபோலிக் அமிலம் புற்றுநோய்ச் செல்லுக்கு உணவு என்றால், அந்த உணவைப் பறித்துவிட்டால்?

ஃபோலிக் அமிலத்தைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு, அதைப் போலவே தோற்றமளிக்கும் போலியைச் செய்யவும் தெரிந்திருந்தது. லெடர்லியில் சுப்பாராவின் வேதியியலாளர்கள் அத்தகைய போலிகள் பலவற்றைச் செய்து பாஸ்டனுக்கு அனுப்பினர். அவற்றுள் அமினோப்டெரின் என்பது வேலை செய்தது. 1947-ஆம் ஆண்டு இறுதியில் சிகிச்சை தொடங்கிற்று. 1948 சூன் 3-ஆம் நாள் வெளியான கட்டுரையின்படி, சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. படுத்த படுக்கையாய் இருந்த பிள்ளைகள் எழுந்து விளையாடினர். தணிவு நிலைக்கவில்லை, நோய் மீண்டும் வந்தது. ஆயினும் மருந்தால் இரத்தப் புற்றுநோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பதை உலகம் அறிந்தது அன்றுதான்.

அமினோப்டெரினின் சற்றே மாறிய உடன்பிறப்பான மெத்தோட்ரெக்ஸேட் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. இன்று வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கப்படும் போது, நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில், குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் வகை இரத்தப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பிழைக்கிறார்கள்.

இந்த மருந்து செல்லுக்குள் எங்கே போய் நிற்கிறது என்பதை அறியப் பல ஆண்டுகள் ஆயின. உயர் வகுப்பு மாணவியர் சற்று ஊன்றிப் படிக்கவும்.

ஒரு செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழைகளை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது கண்ணுக்குத் தெரியாத உட்கருவுக்குள் அடங்க வேண்டும். நெசவாளர் வீட்டில் நூலைக் கண்டில் சுற்றுவது போல, செல் அதை ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளில் சுற்றி வைக்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஓர் உருளை. அதன்மேல் 147 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருக்கும். ஹிஸ்டோனை வாத்தின் இரத்தச் செல்களிலிருந்து 1884-இல் முதலில் பிரித்தவர் ஆல்பிரெக்ட் கோசல். நெடுங்காலம் அதை வெறும் மூட்டை கட்டும் கயிறாகவே கருதினர். 1964-இல் வின்சென்ட் ஆல்ஃப்ரே குழுவினர், ஹிஸ்டோனில் அசெட்டைல் என்னும் சிறு கூட்டு ஒட்டுவதற்கும் ஜீன்கள் படிக்கப்படுவதற்கும் தொடர்பு உண்டு என்று காட்டினர். அசெட்டைல் ஒட்டினால் சுற்று நெகிழும். அங்கிருக்கும் ஜீனைச் செல் படிக்கும். அகற்றினால் சுற்று இறுகும்; ஜீன் மௌனமாகும். மெத்தைல் என்னும் இன்னொரு கூட்டும் ஹிஸ்டோனில் ஒட்டுவதுண்டு. அது எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்துச் சில ஜீன்களைத் திறக்கும், சிலவற்றை மூடும்.

நம் மதுரைச் சுங்குடிச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். சேலை முழுதும் ஒரே துணிதான். பெண்கள் நகக்கண்ணால் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் இறங்குவதில்லை; முடிச்சில்லாத இடத்தில் இறங்குகிறது. செல்லிலும் அப்படியே. கண் செல்லிலும் தோல் செல்லிலும் டி.என்.ஏ. ஒன்றே, முடிச்சுகள் வேறு. சுங்குடி முடிச்சு ஒருமுறை அவிழ்த்தால் போயிற்று. செல்லோ தன் முடிச்சுகளைப் போட்டும் அவிழ்த்தும் நாள் முழுதும் வேலை செய்கிறது. உவமை அந்த மட்டில்தான்.

செல் இரண்டாகப் பிரியும் முன் டி.என்.ஏ. முழுவதையும் ஒருமுறை நகல் எடுக்க வேண்டும். அதற்கான ஜீன்கள், செல் ஓய்வில் இருக்கும்போது முடிச்சுக்குள் கிடக்கின்றன. அவற்றின் தலைமாட்டில் ஆர்.பி. என்னும் புரதம் காவலாளியாக நிற்கிறது. அசெட்டைலை அகற்றும் நொதியை இக்காவலாளியே அழைத்து வந்து அங்கே ஹிஸ்டோன்களை இறுக்கி வைக்கிறது என்பது 1998-இல் தெரியவந்தது. வளர்க என்ற செய்தி வந்ததும், வேறு நொதிகள் ஏ.டி.பி.யிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றி ஆர்.பி.யின்மேல் ஒட்டுகின்றன. ஆர்.பி. விலகுகிறது, ஹிஸ்டோன்களில் அசெட்டைல் ஏறுகிறது, முடிச்சு அவிழ்கிறது, வாசல் திறக்கிறது. பூட்டைத் திறக்கும் என்று முன்பு சொன்ன பாஸ்பேட் இதுதான்.

அப்படித் திறக்கும் ஜீன்களில் ஒன்று, ஃபோலிக் அமிலத்தைச் செல்லுக்குப் பயன்படும் வடிவத்தில் வைத்திருக்கும் நொதிக்கு உரியது. அந்த நொதி இல்லையேல் டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினைச் செய்ய முடியாது. சுப்பாராவ் குழுவின் போலி மருந்து சரியாக அந்த நொதியின் மடியில் போய் அமர்ந்துகொள்கிறது. எழுத்துப் பஞ்சத்தில் நகல் பாதியில் நிற்கிறது, செல் மடிகிறது. ஓயாமல் பிரியும் புற்றுநோய்ச் செல்லுக்கு அடி அதிகம். ஓய்வாக இருக்கும் செல்லுக்கு அவ்வளவு இல்லை. வாயின் உள்தோலும் எலும்பு மச்சையும் விரைந்து பிரிபவை ஆதலால், அவையும் துன்பப்படுகின்றன. இச்சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு வாய்ப்புண் வருவது இதனால்தான். சில புற்றுநோய்ச் செல்கள் அந்த நொதியின் ஜீனைப் பல படிகளாகப் பெருக்கிக்கொண்டு மருந்திலிருந்து தப்பிவிடுகின்றன என்று 1978-இல் கண்டறிந்தனர். வாரம் ஒருமுறை மட்டும் உண்ண வேண்டிய மூட்டுவாத மாத்திரையைத் தவறுதலாக நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து என்பதற்கும் காரணம் இதுவே. பாட்டியின் மருந்துப் பெட்டியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆக, செல்லின் வாசலில் பூட்டைத் திறக்கும் பாஸ்பேட்டும், திறந்தபின் உண்ணும் ஃபோலிக் அமிலமும், அதைத் தடுக்கும் போலியும் சுப்பாராவின் மேசை வழியே வந்தவை. அம்மூன்றும் ஒரே வாசலில் சந்திக்கின்றன என்பது தெரியவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

காவலாளிக்கு ஆர்.பி. என்ற பெயர், குழந்தைகளின் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோயிலிருந்து வந்தது. ஆர்.பி. ஜீனின் இரண்டு படிகளும் கெட்டுப்போன விழித்திரைச் செல்லில் வாசல் மூடுவதே இல்லை. இது பெற்றோர் அறிய வேண்டிய செய்தி. புகைப்படத்தில் குழந்தையின் கண்மணி பூனைக்கண் போல வெள்ளையாக மின்னினாலோ, மாறுகண் தோன்றினாலோ, நாள் கடத்தாமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நம் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை உண்டு. முன்னதாகக் கண்டால் உயிரோடு பெரும்பாலும் கண்ணையும் காக்கலாம்.

எழுத்துப் பிழை எதுவும் இல்லாமலேயே, பிரிவைத் தடுக்கும் நல்ல ஜீனின்மேல் முடிச்சு தவறாக விழுந்து வரும் புற்றுநோய்களும் உள்ளன. பிழையைத் திருத்துவது கடினம். முடிச்சை அவிழ்ப்பது இயலக்கூடியது. அந்த எண்ணத்தில் பிறந்த வோரினோஸ்டாட் என்னும் மருந்து, அசெட்டைலை அகற்றும் நொதியைத் தடுப்பது, 2006-இல் அமெரிக்காவில் ஒருவகை அரிய தோல் நிணநீர்ப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. எல்லாப் புற்றுநோய்க்கும் அது மருந்தல்ல. வேண்டாத முடிச்சோடு வேண்டிய முடிச்சையும் அது அவிழ்த்துவிடுகிறது.

ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டே மாதங்களில், 1948 ஆகஸ்டு 8-ஆம் நாள் இரவு உறங்கச் சென்ற சுப்பாராவ் விழித்தெழவில்லை. வயது 53. இந்தியா விடுதலை பெற்று ஓராண்டு நிறைய ஒரு வாரம் இருந்தது. பூஞ்சை ஒன்றுக்கு அவர் பெயரைச் சேர்த்து சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டார்கள். நூற்றாண்டையொட்டி 1995-இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. சேஷகிரி அம்மையார் வழியனுப்பி வைத்த 1922-க்குப் பிறகு கணவரை ஒருமுறையும் காணவில்லை.